முப்பத்தொன்றாம் கொக்கி

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடைக்குள் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். மூக்கின் மேல் என்ன கண்ணாடி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். அன்று காலை வந்த அம்மாள் அணிந்திருந்தது போன வருஷம் அவரே போட்டுக் கொடுத்த கண்ணாடி. சரி, வியாபாரம் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, "மாடிக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. சர்வேயர் இருக்காரா?"

"அவர் எங்க போகப்போறார்? வாங்க."

கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, கூப்பிடாமலேயே அவரும் கூடவே படியேறினார். மாடியில் ஒரு வழக்கு வந்தால் அவருக்குக் கீழே இருப்புக்கொள்ளாது.

மாடியில் இருந்தவர் அவருடைய அக்கா புருஷன். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்து, எரிந்த கிடங்கையும் மூழ்கிய படகையும் பார்த்துப் பார்த்து, எவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் விடவில்லை. அக்கா போய் நாலு வருஷம் ஆகிறது. மத்தியானம் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அக்கா உட்கார்ந்த மூன்றாவது நாற்காலி மேஜையருகிலேயே இருக்கும், அதில் யாரும் உட்கார்வதில்லை. சாயங்காலம் கடையை மூடும்போது கடைக்காரர் தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பார். மாடியில் விளக்கு எரிந்தால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

வந்தவர் பூகோள டீச்சர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புத்தி தடுமாறுதா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

கடைக்காரர் வாய் திறந்தார். சர்வேயர் கையமர்த்தினார்.

"டாக்டர்கிட்ட போகாம ஏன் எங்கிட்ட வந்தீங்க?"

"டாக்டர் என்னைத்தான் சோதிப்பார். நீங்க நடந்ததைச் சோதிப்பீங்க."

சர்வேயருக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. "சொல்லுங்க" என்றார்.

"முப்பது வருஷம் காத்து எப்படி வீசுதுன்னு கரும்பலகைல அம்புக்குறி போட்டேன். ஒரு நாளாச்சும் அதைக் கையால பிடிச்சுப் பாக்கணும்னு ஆசை. ஏரிக்கரைல பாய்மரப் படகு கிளப் இருக்கில்ல, ஏழு மாசம் முன்னாடி சேர்ந்தேன். முதல் மாசம் குளிச்சதுதான் மிச்சம். இப்போ தனியா ஒரு சுத்து போயிட்டு வருவேன்." அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அங்க ஒரு சட்டம். தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி பலகைலேர்ந்து நம்ம நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்து லைஃப் ஜாக்கெட்ல கட்டிக்கணும். கரையேறினதும் திரும்பக் கொக்கில மாட்டணும். ஆறரை மணிக்கு ஏதாவது கொக்கி காலியா இருந்தா, அந்த ஆள் தண்ணிலன்னு அர்த்தம். படகெல்லாம் துறைல கட்டியிருந்தாலும் சரி, மோட்டார் லாஞ்சை எடுத்துக்கிட்டுத் தேடப் போயிடுவாங்க."

"உங்க கொக்கி காலியா இருந்துச்சா?"

"மூணு தடவை. நான் அஞ்சு மணிக்கே மாட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். இவங்க எட்டு மணி வரைக்கும் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு ஏரியெல்லாம் தேடி, கடைசில செயலாளர் அம்மா வந்து என் கதவைத் தட்டறாங்க. நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். மறுநாள் டோக்கன் என் ஜாக்கெட் பைக்குள்ளயே இருக்கு."

"போன்ல கூப்பிட மாட்டாங்களா?" என்று கடைக்காரர் புகுந்தார்.

"போன் வச்சுக்கல. வாங்கி யார்கிட்ட பேச? மக வெளிநாட்டுல இருக்கா. ஞாயித்துக்கிழமை ராத்திரி கம்ப்யூட்டர்ல வருவா."

டீச்சர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சாவியைத் தேடினாங்க, அப்புறம் என்னையே தேடினாங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல கிளப்ல கூட்டம். மறதிக்காரின்னு முடிவு பண்ணினா என்னை எடுத்துருவாங்க, மகளுக்கும் கடிதம் போடுவாங்க. அவ ஏற்கெனவே வீட்டை வித்துட்டு ஏதாவது இல்லத்துல சேரச் சொல்றா. மாட்டினேன்னு என் கை சொல்லுது, சார். ஆனா கையை எத்தனை நாள் நம்பறது?"

நோட்டைச் சர்வேயர் வாங்கிப் பார்த்தார். தினமும் மாலை ஆறு மணிக்கு டீச்சர் தன் மொட்டைமாடிக் கொடியில் கட்டிய ரிப்பனைப் பார்த்து, காற்றின் திசையும் வேகமும் எழுதியிருந்தார். ஓரத்தில் சில தேதிகளுக்குச் சிவப்புப் புள்ளி.

"இது என்ன?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "அது என் வெக்கக்கேடு. ஜாக்கெட் வாரை என் அளவுக்கு இறுக்கி வச்சிருப்பேன். மறுநாள் போனா தளர்ந்து கிடக்கும். நான்தான் முந்தின நாள் தளர்த்திட்டு மறந்திருக்கேன், அந்த முந்தின நாளுக்குப் புள்ளி வைப்பேன். பதினொரு தடவை."

டீச்சரிடம் கேட்டு மூன்று தேதிகளைச் சர்வேயர் விரலால் தொட்டார். தேடல் நடந்த நாட்கள். மூன்றிலும் சிவப்புப் புள்ளி இருந்தது, மூன்றிலும் பக்கத்திலேயே "ஆறு மணிக்குக் காற்று அடியோடு நின்றது" என்று எழுதியிருந்தது. மற்ற எட்டு நாளும் நல்ல காற்று.

"மச்சான், கடையை மத்தியானம் மூடு" என்றார் சர்வேயர். "அப்படியே கண் சோதிக்கற எழுத்து அட்டையையும் எடுத்துக்க. ஏதாவது சாக்கு வேணும்ல."

கிளப் என்பது ஒரு நீளமான தகரக் கொட்டகை, முன்னால் தாழ்வாரம், அதற்கும் முன்னால் மரத்துறை. ஆறேழு சின்னப் படகுகள் பாய் சுருட்டிக் கிடந்தன. தாழ்வாரச் சுவரில் அந்தப் பலகை: நாற்பது கொக்கி, முப்பத்தாறு பித்தளை டோக்கன் வில்லை. பலகைக்கு மேலே பெரிய எழுத்தில், "படகை எண்ணாதே, ஆளை எண்ணு."

செயலாளர் அம்மாள் சுறுசுறுப்பானவர், பேச்சிலும் சிக்கனம். "சட்டம் எங்க தலைவர் எழுதினது. முப்பது வருஷம் முன்னாடி அவரோட சிநேகிதர் படகைக் கட்டிட்டுத் துறைலேர்ந்து தவறி விழுந்துட்டார். படகு இருக்கு, ஆள் வீட்டுக்குப் போயிட்டார்னு எல்லாரும் கிளம்பிட்டாங்க. வீட்டுல வரலையேன்னு கேக்கவும் ஒருத்தர் கிடையாது. மறுநாள் மத்தியானம்தான் தெரிஞ்சுது. அதுலேர்ந்து டோக்கன் இல்லாம தண்ணியைத் தொட்டா தலைவர் கொன்னுடுவார்."

"இப்பவும் அவர் படகு விடறாரா?"

"போன வருஷம் லேசா பக்கவாதம் வந்து தேறினார். டாக்டர் வேண்டாம்னுட்டார். அவரே ஆண்டுக் கூட்டத்துல டோக்கனையும் ஜாக்கெட்டையும் ஒப்படைச்சார். நாங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம். இப்போ சாயங்காலம் வந்து உக்காருவார், கரையோரமா நடப்பார், போவார். நாலு தெரு தள்ளியிருந்தாலும் பரவாயில்ல, வீடு ஊருக்கு அந்தக் கோடி. பஸ்ல அரை மணி."

சர்வேயர் முப்பத்தொன்றாம் வில்லையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஓரங்கள் மழமழவென்று இருந்தன. கயிறு கோக்கும் ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து, இன்னும் கொஞ்ச நாளில் அறுந்துவிடும் போலிருந்தது.

"டோக்கன் புதுசா அடிக்க மாட்டீங்களோ?"

"எதுக்கு? போனவங்க நம்பர் வந்தவங்களுக்கு."

லாஞ்ச்காரர் துறையில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார். நல்ல வாயாடி. ஆனால் இந்தப் பேச்சை எடுத்ததும் முகம் சுண்டிவிட்டது.

"மூணு தடவையும் நான்தான் பலகையைப் பாத்தேன். கொக்கி காலி. ஓடிப்போய் உள்ள பாத்தா ஜாக்கெட்டும் இல்ல. அந்தம்மா தண்ணிலதான்னு லாஞ்சை எடுத்தேன். திரும்பி வந்தா ஜாக்கெட் ஜம்முனு ஆணில தொங்குது! உனக்குக் கண் அவிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னத்தைச் சொல்ல?"

கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எழுத்து அட்டையைத் துறைத்தூணில் மாட்டி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரத்தில் லாஞ்ச்காரரை நிறுத்தினார். மனிதர் கடைசி வரியையும் படித்து, அதற்குக் கீழே பொடியாக அச்சாகியிருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டு, "போதுமா?" என்றார்.

"கழுகுக் கண், அத்தான்!" என்று கடைக்காரர் கூவினார். "ஒரு கண்ணாடி விக்கக்கூட வழியில்ல."

"அப்ப ஜாக்கெட் நிஜமாவே இல்ல" என்றார் சர்வேயர். "தேடும்போது முதல்ல வந்தது யாரு?"

"தலைவர்தான். மூணு தடவையும். லாஞ்சை எடுத்துக்கிட்டு நான் ஏரி வளைவுவரைக்கும் போறதுக்குள்ள கரைல வந்து நின்னு கை காட்டினார்."

அப்போது தலைவரே தாழ்வாரத்துக்கு வந்தார். நல்ல உயரம், அகன்ற தோள், வெயிலில் காய்ந்த முகம். எல்லாருக்கும் செயலாளர் டீ கொண்டுவந்து வைத்தார். தலைவர் மரியாதையாகப் பேசினார், டீச்சரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் மென்று விழுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு டீ வரலையே" என்றார். டம்ளர் அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. செயலாளர் அதை வலது பக்கம் நகர்த்தி வைத்தார். கடைக்காரருக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. பேச்சு ஓடியதில் விட்டுவிட்டார்.

கிளம்பும்போது சர்வேயர் கொட்டகையின் பின்கதவு வழியாக நடந்தார். கரையோரப் பாதை கோரைப்புல்லுக்கு நடுவே வளைந்து போய், பத்து நிமிஷத்தில் ஒரு உடைந்த பழைய துறையில் முடிந்தது. அங்கே ஒரு மரப் படகு. வயதானது, ஆனால் பாயும் கயிறும் பழுதில்லாமல் இருந்தன. கயிற்றைத் தொட்டால் ஈரம். இடது பக்கத்துப் பலகை முழுக்கப் புதிய சிராய்ப்பு, வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வரும்போது கடைக்காரர் பொரிந்து தள்ளினார். "எனக்குச் செயலாளர் மேலதான் சந்தேகம். அந்தம்மா முகத்துல ஒரு சிரிப்பு உண்டா? டீச்சரைத் துரத்தத்தான் இந்தக் கூத்து. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் உன்னை ஒண்ணு கேக்கறேன், மச்சான். பக்கவாதம் வந்தவங்களுக்குக் கண் நல்லா இருந்தும் ஒரு பக்கம் தெரியாமப் போகுமா?"

"போகும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் பாதையிலேயே நின்றுவிட்டார். டீ டம்ளர் ஞாபகம் வந்தது. படகின் இடது பக்கமும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வீடு வரை அவர் பேசவில்லை, அது ஒரு அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், சர்வேயர் நான்கு பேரைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். டீச்சர், செயலாளர், லாஞ்ச்காரர், தலைவர். கடைக்காரர் தூணில் சாய்ந்துகொண்டார்.

"டீச்சர் மறக்கல" என்று ஆரம்பித்தார் சர்வேயர். டீச்சரின் கை பையை விட்டது. "ஏன்னு சொல்றேன். ஆறரை மணிக்கு ஜாக்கெட் இல்ல, எட்டு மணிக்கு இருக்கு. லாஞ்ச்காரர் கண்ணுக்கு என் மச்சான் ஜாமீன். அந்த நேரம் டீச்சர் வீட்டுல இருந்தாங்க. அப்ப ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மாட்டினது வேற ஆள். பதினொரு தடவை வார் தளர்ந்திருக்கு, அதனால அந்த ஆள் டீச்சரைவிட ரொம்பப் பெரிய உடம்பு."

"எவனோ விளையாட்டுக்குப் பண்ணியிருப்பான்" என்றார் செயலாளர்.

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். இந்த நோட்டு இல்லைன்னு சொல்லிடுச்சு. அந்த ஆள் பதினொரு நாள் எடுத்திருக்கார், மூணு நாள்தான் சிக்கல் ஆகியிருக்கு. அந்த மூணு நாளும் ஆறு மணிக்குக் காத்து நின்னுபோச்சு. விளையாட்டுக்குப் பண்றவனுக்குக் காத்து எதுக்கு? காத்து நின்னா தாமதமாகற ஆள் ஒருத்தர்தான். நிஜமாவே பாய் விரிச்சுத் தண்ணில இருந்தவர். அந்த உடைஞ்ச பழைய துறைல ஈரக் கயிறோட ஒரு படகு கிடக்கு. மத்த எட்டு நாளும் நேரத்துக்குத் திரும்பி டோக்கனை மாட்டிட்டார், யாருக்கும் தெரியல. அந்த மூணு நாள் பலகைக்கிட்ட கூட்டம் நின்னுச்சு. பின்கதவு வழியா வந்து, டோக்கனை ஜாக்கெட் பைலயே விட்டு ஆணில மாட்டிட்டார்."

லாஞ்ச்காரர் தொடையில் தட்டினார். "அப்படிப் போடுங்க!"

"எனக்குப் புரியாதது ஒண்ணுதான். திருட்டுத்தனமா படகு விடறவன் டோக்கனை ஏன் எடுக்கணும்? எடுக்காம போனா யாருக்கும் தெரியவே தெரியாது. எடுத்ததால மாட்டிக்கிட்டார். டாக்டர் சொன்னதை மீறலாம், தான் கொடுத்த வாக்கை மீறலாம், டோக்கன் இல்லாம மட்டும் தண்ணில கால் வைக்க முடியாதுன்னு ஒருத்தர் இருந்தா, அந்தச் சட்டத்தை எழுதினவராத்தான் இருக்கணும்."

யாரும் தலைவரைப் பார்க்கவில்லை. தலைவர் பலகையைப் பார்த்தார்.

"வீடு பஸ்ல அரை மணி தூரம், ஆனா மூணு தடவையும் முதல்ல கரைல வந்து நின்னது நீங்கதான். நாப்பது கொக்கில முப்பத்தொண்ணு ஏன்? ஏழு மாசத்துல பித்தளை இப்படித் தேயாது. பழைய பதிவேட்டை இன்னைக்குக் காலைல செயலாளர்கிட்ட வாங்கிப் பாத்தேன். ஆரம்பத்துலேர்ந்து போன வருஷம்வரைக்கும் முப்பத்தொண்ணு உங்களோடது, ஐயா. உங்க கை பழகின கொக்கிக்குப் போயிடுச்சு."

தலைவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

"வீட்டுல நாலு சுவரைப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் இருக்கறது? ஒரே ஒரு தடவைன்னு போனேன். அப்புறம் நிறுத்த முடியல. ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் நினைச்சேன்."

"நினைச்சா போதுமா?" டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு குரல் இருந்ததா என்று கடைக்காரர் மிரண்டுபோனார். "அடுப்பை அணைச்சேனான்னு ராத்திரி நாலு தடவை எழுந்து பாக்கறேன். மக பேரைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கறேன், மறந்துடுவேனோன்னு. இன்னைக்கு எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ற நாற்காலில நீங்க உக்கார இருந்தீங்க! வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பீங்கதானே?"

தலைவரின் பெரிய கைகள் முழங்காலில் கிடந்தன. பிறகு, "கூட்டத்துல நானே எல்லாத்தையும் சொல்றேன். எழுதியும் குடுக்கறேன்" என்றார்.

சொன்னபடியே சொன்னார். முப்பத்தைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் பதவியை விட்டு இறங்கினார். அவரைக் கிளப்பிலிருந்தே எடுப்பதா என்று செயலாளர் கேட்டபோது எல்லாரும் டீச்சரைத்தான் பார்த்தார்கள். டீச்சர் முப்பத்தொன்றாம் வில்லையைப் பலகையிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதை அவருக்கே குடுத்துடுங்க. எனக்குப் புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க, ஓட்டை தேயாததா."

"அவர் தனியாப் போகக்கூடாதே" என்றார் செயலாளர்.

"தனியா யார் போகச் சொன்னது?" என்றார் டீச்சர் எரிச்சலோடு.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கண்ணாடிக்கடைக்கு வந்தார், கண்ணாடி தண்ணீரில் விழாமல் கழுத்தில் மாட்டும் கயிறு வாங்க. இரண்டு பேர் படகில் போகிறார்களாம். சுக்கான் டீச்சர் கையில். இடது பக்கத்தை டீச்சர் பார்க்கிறார், காற்றை அவர் பார்க்கிறார், சண்டை மட்டும் இரண்டு பேரும் போடுகிறார்கள்.

"கோபம் போயிடுச்சா?" என்று கடைக்காரர் வாயைப் பிடுங்கினார்.

"போகல. அவ்வளவு சீக்கிரம் போகுமா?" டீச்சர் கயிற்றை மாட்டி, சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அந்த மூணு நாளும் நான் தனியா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், அங்க பதினஞ்சு பேர் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு என் பேரைச் சொல்லிக் கத்தியிருக்காங்க. நான் திரும்பி வரலைன்னா தேடறதுக்கு ஆள் இருக்காங்கன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

அவர் போனபின் கடைக்காரருக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் கடையை மூடிவிட்டுத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். விளக்கு எரிந்தது. வழக்கம்போல் நாலு அடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து படியேறிக் கதவைத் தட்டினார்.

"அத்தான், இருக்கீங்களா?"

"நான் எங்க போகப்போறேன்? என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. ஆளை எண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவு திறந்தது. சர்வேயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு போய் அந்த மூன்றாவது நாற்காலியைத் துடைத்துவிட்டு இழுத்துப் போட்டார்.

"உக்காரு மச்சான். டீ போடறேன்."